கிணற்றுக் கட்டில் ஒரு வெள்ளைக் கோடு

இந்த மாலைக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கி, எனக்குக் கொஞ்ச நேரமும் நிறையப் பொறுமையும் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கும் எங்கள் கோயில் சந்திரமௌலீசக் குருக்கள் ஐயா அவர்களே! முன்வரிசைக் கதிரைகளை நிறைத்திருக்கும் ஊர்ப் பெரியோர்களே! கதிரை போதாது என்று தெரிந்து வீட்டிலிருந்தே பாய் கொண்டுவந்து விரித்திருக்கும் தாய்மார்களே! வலையை உலரப் போட்டுவிட்டுக் கரையிலிருந்து வந்திருக்கும் சகோதரர்களே! காரைநகரிலிருந்து கடல் தாண்டி வந்து மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கும் விருந்தினர் அம்மா அவர்களே! இந்த மேடைக்குப் பின்னால், என் பேச்சு முடியும்வரை பொறுக்க மாட்டாமல் இப்போதே கத்தத் தொடங்கிவிட்ட தவளைகளே! உங்கள் அனைவருக்கும் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கும் சறோஜினிதேவியின் அன்பான வணக்கம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். தவளைக்கு வணக்கம் சொன்ன மேடை இந்தத் தீவுப் பகுதியில் இதுவாகத்தான் இருக்கும். ஆனால் சென்ற ஆவணி மாதம் இதே இடத்தில் கூடினோமே, அன்று ஒருவராவது சிரித்தோமா? அன்று இந்த மேடைக்குப் பின்னால் ஒரு தவளையாவது கத்தியதா? அன்று இருந்தது அமைதி. அச்சமூட்டிய அமைதி. ஊற்று வாய் மூடிய அமைதி. இன்று இந்த இரைச்சல் என் காதில் விழும்போது, நெஞ்சிலே ஏற்றிவைத்திருந்த பாரத்தை யாரோ மெல்ல இறக்கி வைப்பதாக உணர்கிறேன். அம்மாடி என்று மூச்சு விடுகிறேன். நீங்களும் விடுங்கள்.

எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு கிணறு உண்டு. குளிக்க உண்டு, தோய்க்க உண்டு, தோட்டத்துக்கு இறைக்க உண்டு. குடிக்க? குடிக்க இதோ இந்த வாசிகசாலைக்குப் பின்னால் இருக்கும் நல்லதண்ணிக் கிணறு ஒன்றுதான். குடத்தோடு வந்தவர்களை அது ஒருநாளும் வெறும் குடத்தோடு அனுப்பியதில்லை. கோயிலுக்கு அபிஷேகம் அதிலிருந்து. குழந்தைக்குக் கஞ்சி அதிலிருந்து. செத்தவீட்டுக்குத் தேத்தண்ணியும் அதிலிருந்து.

அந்தக் கிணறு சென்ற ஆனி மாதம் கரித்தது. முதலில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் சமைத்தவரைத்தான் ஏசினார்கள். "சோத்துக்கு உப்புக் கூடிப்போச்சு" என்று எத்தனை ஆண்பிள்ளைகள் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பினீர்கள்? தலையைக் குனியாதீர்கள், எனக்குத் தெரியும். பாவம் அந்தப் பெண்கள். உப்பே போடாமல் சமைத்தார்கள். அப்போதும் கரித்தது. அதற்குப் பிறகுதான் உண்மை தெரிந்தது. சோற்றிலே உப்பு இருந்தால் சுவை. ஊற்றிலே உப்பு வந்தால்? ஊரே அல்லவா எழும்பிப் போக வேண்டும்? "அல்லைப்பிட்டியில என்ர தங்கச்சி வீட்டை போறன்" என்று சட்டி பெட்டி கட்டியவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள்.

தண்ணீரைச் சோதிக்க வேண்டும் என்றார்கள். எங்கே சோதிப்பது? போத்தலில் அடைத்துக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். எண்பத்தாறாம் ஆண்டிலே இந்தத் தீவிலிருந்து ஒரு மனிதர் யாழ்ப்பாணம் போய் உயிரோடு திரும்பி வந்தாலே வீட்டில் தேங்காய் உடைக்கிறோம். போத்தல் கொழும்பு போய் முடிவு வருவது எப்போது? வழியிலே துவக்கை நீட்டி மறிப்பவர் "போத்தலுக்குள் என்ன?" என்று கேட்டால், "தண்ணீர், ஐயா, வெறும் கிணற்றுத் தண்ணீர்" என்று சொல்லிப் பாருங்கள். நம்புவாரா?

கருவி இல்லை என்பதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட முடியுமா? கிணற்றுக்குள்ளேயே குடியிருக்கும் கருவி ஒன்று எங்களிடம் இருந்தது. அதற்கு மின்சாரம் வேண்டாம், மண்ணெண்ணெய் வேண்டாம், கொழும்பு வேண்டாம். தவளை! நாங்கள் வாயால் தண்ணீர் குடிக்கிறோம்; தவளை தோலால் குடிக்கிறது. தண்ணீரில் உப்பு ஏறினால் எங்கள் நாக்கு அறிவதற்கு முன்னமே அதன் உடம்பு எரியும். முட்டை பொரிக்காது. குஞ்சு தங்காது. ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் அது குடிபெயர்ந்துவிடும். கிணற்றடியில் தண்ணீர் வழிந்தோடும் இடத்தைப் பாருங்கள். நல்ல தண்ணீர் என்றால் அங்கே வல்லாரை படர்ந்திருக்கும். சவர்த் தண்ணீர் என்றால் வல்லாரை கருகிவிடும். அது இருந்த இடத்தில் உப்புக் கரையிலே முளைக்கிற உமரி வந்து உட்கார்ந்துவிடும். தவளையும் வல்லாரையும் உமரியும் பொய் சொல்லத் தெரியாத சாட்சிகள். அவற்றைக் கூப்பிட்டு விசாரித்தால் என்ன என்று மாதர் சங்கத்திலே கேட்டேன்.

"ரீச்சருக்கு வெயில் பிடிச்சிட்டுது" என்றார் ஒருவர். பெயர் வேண்டாம். பாயில் இருக்கிறார்.

ஆனால் எங்கள் குருக்கள் ஐயா அப்படிச் சொல்லவில்லை. கோயில் மதிலுக்குப் பட்டை அடித்து மிஞ்சிய சுண்ணாம்பையும் காவியையும் இரண்டு வாளிகளில் தூக்கித் தந்தார். "மதிலுக்கு அடிச்சு மிஞ்சினது பிள்ளை. தண்ணிக்கு உதவினால் அம்பாள் கோவிக்கமாட்டா" என்றார். அன்றே புறப்பட்டோம். தவளையும் வல்லாரையும் இருக்கிற கிணற்றின் கட்டில் வெள்ளைக் கோடு. உமரி முளைத்துத் தவளை இல்லாமற்போன கிணற்றில் காவிக் கோடு. இரண்டும் கெட்டான் நிலை என்றால் இரண்டு கோடும். ஊரிலுள்ள அத்தனை கிணறும், ஒன்று விடாமல்.

எங்கே தொடங்கினோம்? கடற்கரையில். ஏன்? உப்பு கடலிலிருந்துதானே வரும்! கரையில் உள்ள கிணறெல்லாம் காவி, கோயிலடிக்கு வர வர வெள்ளை என்று நான் மனத்துக்குள் படமே கீறிவிட்டேன். முதல் கிணறு சில்வெஸ்ரர் தம்பியுடையது. அலை அடித்தால் தூவானம் விழுகிற தூரத்தில் அவருடைய வீடு. காவியில் மட்டையைத் தோய்த்துப் பிடித்துக்கொண்டே போனோம். அவருடைய மனைவி மேரிஜோசப்பின் குறுக்கே வந்து நின்றார்.

"ரீச்சர், எங்கட கிணத்துக்கோ காவி? குடிச்சுப் பாத்திட்டு அடியுங்கோ."

எட்டிப் பார்த்தேன். தொப்பென்று ஒரு தவளை குதித்தது. இன்னொன்று கல் இடுக்கிலிருந்து முழித்துப் பார்த்தது. கிணற்றடியில் வல்லாரை பாய் விரித்தது மாதிரிக் கிடந்தது. மேரிஜோசப்பின் செம்பிலே தண்ணீர் நீட்டினார். எங்களோடு வந்த பெண்களில் சிலர் செம்பை வாங்கத் தயங்கினார்கள். ஏன் தயங்கினார்கள் என்று நான் இங்கே விளக்கினால் கூட்டம் கலைந்துவிடும். விளக்காவிட்டாலும் உங்களுக்குத் தெரியும். அந்தக் கரையில் எங்கள் ஆட்கள் தண்ணீர் குடித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. நான் குடித்தேன். இளநீர் தோற்றுவிடும். அப்படி ஒரு தண்ணீர்!

கரைக்குக் கரை வெள்ளைக் கோடு. ஊருக்குள்ளே வர வர இரண்டு கோடு. கோயிலைத் தாண்டினால் காவி, காவி, காவி! கடலுக்குப் பக்கத்தில் நல்ல தண்ணீர். கடலைக் காணாத இடத்தில் உப்புத் தண்ணீர். இது என்ன அநியாயம்? கடல் எங்களைத் தாண்டிப் போய் நடுவூரில் எழும்புமா? காவிக் கோட்டைப் பின்தொடர்ந்து நடந்தோம். அது எங்களைக் கொண்டுபோய் நிறுத்திய இடம் எது? இந்த நல்லதண்ணிக் கிணற்றுக்கு ஒரு வேலி தள்ளி இருக்கிற ஐயாத்துரை அண்ணையின் புதுக் கிணறு.

ஐயாத்துரை அண்ணை, வேலியோரம் நிற்காமல் முன்னுக்கு வாருங்கள் என்று குருக்கள் ஐயா இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். வரமாட்டீர்களா? சரி, நில்லுங்கள். அங்கிருந்தும் கேட்கும்.

அவரை நான் குறை சொல்ல வரவில்லை. ஒரு தகப்பன் செய்வதைத்தான் அவர் செய்தார். எங்கள் ஊரில் பெண்பிள்ளைக்குச் சீதனம் என்றால் காணியும் வீடும் மட்டுமா? உறுதிப் பத்திரத்திலே கிணற்றுப் பங்கும் எழுத வேண்டும். பங்குக் கிணறு என்றால் வாளிக்கு வாளி சண்டை. தன் மகள் மீனாம்பிகைக்குப் பங்கில்லாத முழுக் கிணறு, அதுவும் ஊரிலேயே ஆழமான கிணறு கொடுக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். கிணற்றின் ஆழத்தைச் சொல்லிப் பெருமைப்படாத வீடு இங்கே எது? காரைநகரிலே மாப்பிள்ளை பேசி முடித்தார். சித்திரையில் கல்லை உடைத்துக் கிணற்றை ஆழமாக வெட்டினார். இறைப்பு மெசின் பூட்டி வெங்காயத்துக்கு இறைத்தார். தண்ணீர் கரித்தது. என்ன செய்தார்? நல்ல ஊற்று இன்னும் கீழே இருக்கிறது என்று மறுபடியும் கிண்டினார். கிண்டக் கிண்ட உப்பு. உப்பு வர வர மறுபடி கிண்டல்!

அந்த நேரம் பார்த்து, மாப்பிள்ளையின் தாயார் இலட்சுமிப்பிள்ளை அம்மா பெண் வீட்டைப் பார்க்க வந்தார். மூன்றாம் வரிசை விருந்தினர் அவர்தான். மீனாம்பிகை தேத்தண்ணி கொடுத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு அம்மா கோப்பையை வைத்துவிட்டார்.

"சீனிக்குப் பதிலாய் உப்பைப் போட்டிட்டியோ பிள்ளை?" என்று கேட்டார். பிறகு ஐயாத்துரை அண்ணையைப் பார்த்து, "எங்கட பொடியன் உங்கட வீட்டிலைதானே வந்திருக்கப் போறான்? நல்லதண்ணி இல்லாத இடத்துக்குப் பிள்ளையை அனுப்ப ஏலாது. தைக்குப் பிறகு பாப்பம்" என்று சொல்லிவிட்டு வள்ளம் ஏறிவிட்டார். அவர் பேசியதில் என்ன பிழை? ஒன்றுமில்லை. ஆனால் அன்று மீனாம்பிகை கழுவி வைத்த கோப்பையை மறுபடி மறுபடி கழுவிக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன்.

தாய்மார்களே, குழம்பு வைக்கிறீர்கள். மேலே எண்ணெய் மிதக்கிறது. அகப்பையை மேலாகப் பிடித்தால் எண்ணெய் வரும். ஆழ விட்டால் குழம்புதானே வரும்? எங்கள் தீவுக்கு அடியில் இருப்பது ஓட்டை விழுந்த சுண்ணாம்புக் கல். அதற்குள்ளே கடல் நீர் நிற்கிறது. அதன் மேலே, பாரம் குறைந்த மழை நீர் மெல்லிய படலமாக மிதக்கிறது. சில்வெஸ்ரர் தம்பியின் முன்னோர் கையெட்டும் ஆழத்தில் கிண்டி வாளியால் அள்ளினார்கள். மழை நீர் வந்தது. நாங்கள் ஆழத்தில் கிண்டி மெசினால் உறிஞ்சினோம், கடல் வந்தது. கடல் கரையால் வரவில்லை. நாங்கள் கதவைத் திறந்து கீழால் கூப்பிட்டோம்!

இதைச் சொல்லி, கிணற்றை அரைவாசிக்குக் கல் போட்டு மூட வேண்டும், மழை வரும்வரை மெசின் பூட்டக்கூடாது என்று கேட்க ஐயாத்துரை அண்ணையின் வீட்டுக்குப் போனோம். காவிக் கோட்டைக் கண்டதும் அவர் கொதித்துப்போனார்.

"என்ர காணி, என்ர கிணறு. உங்களை ஆர் காவி அடிக்கச் சொன்னது?"

"அண்ணை, நல்லதண்ணிக் கிணறும் இதாலைதான் கரிக்குது" என்றேன்.

"பொம்பிளைப் பிள்ளையைப் பெத்தவனிட்டை வந்து கிணத்தை மூடச் சொல்லுறியளே ரீச்சர், உங்களுக்கு நெஞ்சிலை ஈரம் இல்லையோ? கிணத்தை மூடினால் கலியாணத்தை ஆர் செய்து வைக்கிறது? உங்கட தவளையோ?"

ஊர் முழுவதும் ஒரு பக்கம். ஒரு பெண்ணின் வாழ்வு மறுபக்கம். தராசை யார் பிடிப்பது? திரும்பி வந்துவிட்டோம்.

அவருடைய மனத்தை மாற்றியது என் பேச்சல்ல. ஒரு நாள் காலை வாசலில் நின்ற ஐயாத்துரை அண்ணை, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் கரைப் பக்கம் போவதைக் கண்டார். தன் மகள்! ஊரிலேயே ஆழமான கிணறு வீட்டில் இருக்க, ஒரு குடம் தண்ணீருக்கு மகள் கரைக்கு நடக்கிறாள். பின்னால் போனார். சில்வெஸ்ரர் தம்பியின் கிணற்றடியில் நின்று மீனாம்பிகை தண்ணீர் அள்ளுவதைப் பார்த்தார். கயிறு கொஞ்சம்தான் இறங்கியது. வாளி நிறைந்து வந்தது. தகப்பனைக் கண்டதும் அவள் பயப்படவில்லை. கையில் தண்ணீரை ஏந்தி நீட்டினாள்.

"குடியுங்கோ அப்பா. எனக்கு இந்தளவு ஆழம் காணும், இதுக்கு மேலை வேண்டாம்."

அந்தத் தகப்பன் அந்தத் தண்ணீரைக் குடித்தார். வீட்டுக்கு வந்தார். மதிலோரம் குவித்திருந்த கல்லில் ஒன்றைத் தூக்கினார். தன் மகளின் சீதனக் கிணற்றுக்குள் முதற் கல்லைத் தன் கையாலேயே போட்டார்! அந்தச் சத்தம் பக்கத்து வளவில் நின்ற எனக்குக் கேட்டது. அழுகை வந்துவிட்டது, அதை மறைக்க மாட்டேன். பிறகு ஊரே திரண்டது. இடிந்த வேலிக் கல், உடைந்த கேணிக் கல், கரையிலிருந்து சில்வெஸ்ரர் தம்பி ஆட்கள் வண்டியில் கொண்டுவந்த முருகைக் கல். வேலை முடிந்ததும் எல்லோரும் ஒரே முற்றத்தில் இருந்து தேத்தண்ணி குடித்தோம். கரைக் கிணற்றுத் தண்ணீரில் வைத்த தேத்தண்ணி. அன்று ஒருவரும் தயங்கவில்லை.

ஊருக்கு ஒரு கட்டுப்பாடும் போட்டோம். கோயிலைச் சுற்றி மெசின் இல்லை. கையால் அள்ளுவது மட்டும். காவி விழுந்த கிணற்றை இறைப்பதில்லை. ஆவணியிலும் தையிலும் வாளி தூக்கிக்கொண்டு போய், தவளையையும் வல்லாரையையும் விசாரித்துக் கோட்டைத் திருத்துவது. அதற்குப் பிறகு காத்திருந்தோம். ஐப்பசி மழை பெய்தது. தவளை இல்லை. கார்த்திகை மழை கொட்டியது. தவளை இல்லை. "எங்கை ரீச்சர் உங்கட சாட்சி?" என்று சந்தியில் நின்று கேட்டார்கள். வெளியே சிரித்தேன், உள்ளே எனக்குத்தான் தெரியும்.

மார்கழி மாதம் விடியற்காலையில் பசனைக் கோஷ்டி பாடிக்கொண்டு நல்லதண்ணிக் கிணற்றைத் தாண்டியது. சங்கு ஊத வாயில் வைத்தவர் அப்படியே இறக்கிவிட்டார். கிணற்றுக்குள்ளிருந்து ஒரு குரல். பிறகு இன்னொரு குரல். பிறகு பெரும் கச்சேரி! பசனை பாடியவர்கள் பாட்டை நிறுத்திவிட்டுத் தவளை கேட்டார்கள். குருக்கள் ஐயா ஓடிவந்து ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, "நல்லதண்ணி! நல்லதண்ணி!" என்று கத்தியது என் வீட்டுக்கே கேட்டது. ஐயா, மறுக்காதீர்கள், அன்று நீங்கள் தவளையைவிடச் சத்தமாகக் கத்தினீர்கள்.

என்ன? மழை செய்த வேலை என்கிறீர்களா? பின்னால் யார் சொன்னது? ஓம், மழைதான் செய்தது, நான் மறுக்கவில்லை. ஆனால் அதே மழை, கல் போட மாட்டேன் என்று நின்ற ஒருவரின் ஆழக் கிணற்றிலும் பெய்தது. அங்கே இன்றைக்கும் உமரி செழித்து நிற்கிறது, காவி அழியவில்லை. மழை தருகிறது, அதைத் தாங்கி வைப்பதா தொலைப்பதா என்பது எங்கள் கையில். அந்தக் கிணற்றுக்காரரும் வந்திருக்கிறார். சிரிக்கிறார். நாளைக்குக் கல் கேட்டு வரப்போகிறார், பாருங்கள்!

ஆகவே அன்பர்களே, யாராவது இனி உங்களைக் கிணற்றுத் தவளை என்று ஏசினால் கோபப்படாதீர்கள். நல்ல தண்ணீர் இருக்கும் இடத்தை அறிந்தவர் என்று அவர் உங்களைப் புகழ்கிறார். உங்கள் வளவில் எது வாழ்கிறது, எது போய்விட்டது, போனதன் இடத்தில் எது முளைத்தது என்று பாருங்கள். கண்ணைத் திறந்து வைத்திருந்தால் இந்த மண் தன் நோயைத் தானே சொல்லும். கேட்டு நடந்தால் நாங்கள் இருப்போம். கேளாமல் கிண்டினால் கடல் இருக்கும்.

குருக்கள் ஐயா மணியைப் பார்க்கிறார். பொழுது படுமுன் எல்லோரும் வீடு சேர வேண்டும், எனக்கும் தெரியும். ஒரே ஒரு சேதி. ஐயாத்துரை அண்ணைக்கும் இது தெரியாது. கல் போடாத அந்த ஒரு கிணற்றைத் தவிர ஊரெல்லாம் வெள்ளை ஆன பிறகும், கல் போட்ட அவருடைய கிணற்றில் காவிக் கோடு நின்றது. அதனால்தான் அவர் இன்னும் வேலியோரம் நிற்கிறார். இன்று காலை அவர் தோட்டத்துக்குப் போன பிறகு, மீனாம்பிகை பள்ளிக்கூடப் படலைக்கு ஓடிவந்தாள். "ரீச்சர், ஒருக்கா வாங்கோவன்" என்றாள். போனேன். தோய்க்கிற கல்லுக்கு அருகில் வல்லாரை, இரண்டு இலை. குனிந்து பார்த்தேன். தொப்பென்று ஒரு சத்தம். அண்ணை, உங்கள் கிணற்றுக்குள் தவளை வந்துவிட்டது!

கை தட்டுங்கள்! நன்றாகத் தட்டுங்கள்!

இன்னும் இருக்கிறது. அந்தக் கிணற்றுத் தண்ணீரில் மீனாம்பிகை வைத்த தேத்தண்ணியை இன்று மத்தியானம் என் வீட்டில் வைத்து இலட்சுமிப்பிள்ளை அம்மா கடைசிச் சொட்டுவரை குடித்தார். எந்தக் கிணறு என்று கேட்டார். சொன்னேன். மூடிய கிணறா என்றார். ஓம், இப்போது ஆழமில்லாத கிணறு என்றேன். அவர் சொன்ன மறுமொழியை இங்கே சொல்லலாமா அம்மா? தலை ஆட்டுகிறார். "அது நல்லதுதானே ரீச்சர். எங்கட பொடியன் காரைநகரிலை பிறந்தும் நீந்தத் தெரியாதவன். பங்குனியிலை நாள் பாருங்கோ" என்றார்.

ஐயாத்துரை அண்ணை, கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னுக்கு வாருங்கள். இதோ மேசைக்குக் கீழே சுண்ணாம்பு வாளி. கோட்டை நாங்கள் அடிக்க மாட்டோம். முதற் கல்லைப் போட்ட கையே அடிக்க வேண்டும். தலைமை தாங்கிய ஐயாவுக்கும், செம்பு நீட்டிய மேரிஜோசப்பினுக்கும், கல் சுமந்த அத்தனை தோள்களுக்கும், தாகத்தோடு பொறுத்திருந்த தாய்மார்களுக்கும், திரும்பி வந்த தவளைகளுக்கும் என் நன்றி. போய் வாருங்கள் என்று இன்று நான் சொல்ல மாட்டேன். எழும்புங்கள், எல்லோரும் சேர்ந்து அந்தக் கிணற்றடிக்குப் போவோம். வணக்கம்.